தம்பி பெயரில் ஒரு வண்டி

தம்பிக்குத் தம்பி என்ற பெயர் பட்டறையில் வந்தது. அண்ணனும் தம்பியுமாக இரண்டு பேர் நடத்தும் டிங்கர் பட்டறை அது. பெரியவரை வருகிறவர் போகிறவர் எல்லாம் அண்ணன் என்றார்கள். அப்புறம் சின்னவன் தம்பியாகத்தானே இருந்தாக வேண்டும்? இப்போது வயது ஐம்பதைத் தொட்டுவிட்டது, முன்தலை காலி மைதானமாகிவிட்டது. இருந்தும் நேற்று மீசை முளைத்தவன்கூட, "தம்பி, கதவுல ஒரு ஒடுக்கு விழுந்திருக்கு, பாருங்க" என்றுதான் கூப்பிடுகிறான். நாமும் அவனை அவன் இவன் என்றே சொல்லிக்கொள்ளலாம். அதற்கெல்லாம் கோபித்துக்கொள்கிற ஆள் இல்லை.

ஒடுக்கு எடுப்பதில் அவன் கை அப்படி. மற்ற பட்டறைகளில் ஒடுங்கின இடத்தில் பட்டியை அப்பி, தேய்த்து, மேலே பெயின்ட் அடித்து அனுப்பிவிடுவார்கள். அடுத்த மழைக்கு அது பொருக்குப் பொருக்காக உதிரும். தம்பி தகட்டின் பின்பக்கம் இரும்புக் கட்டையை முட்டுக் கொடுத்து, முன்பக்கம் சின்னச் சுத்தியலால் தட்டுவான். தட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவிப் பார்ப்பான். கைக்கு எங்கேயாவது தட்டுப்பட்டால் மறுபடி தட்டுவான். வண்டிக்காரர் வந்து பார்த்துவிட்டு, "பிரமாதம், அடிபட்ட இடமே தெரியல" என்பார். யாரிடம்? அண்ணனிடம். அண்ணனும் சங்கடப்படாமல் தலையாட்டி வாங்கிக்கொள்வார்.

அண்ணனைக் குறை சொல்லக்கூடாது. ஆபீஸ், காகிதம், கையெழுத்து என்றால் தம்பிக்கு உள்ளங்கை வேர்த்துவிடும். அதனால் போர்டில் பெயர் அண்ணனுடையது, பில்லில் கையெழுத்து அண்ணனுடையது, தம்பி ஓட்டுகிற மோட்டார் சைக்கிள்கூடப் பட்டறைப் பெயரில் இருந்தது. குடியிருக்கும் வீடு மாமனார் கொடுத்தது, மனைவி பெயரில். கைபேசி இணைப்பு மகள் பெயரில். ஒரு நாள் மகள் ஏதோ பேச்சுவாக்கில், "அப்பா, உன் பேர்ல என்னதான் இருக்கு?" என்று கேட்டாள். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். ஆனால் அது எங்கேயோ போய்த் தைத்து, அங்கேயே தங்கிவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் டாக்டரம்மா கூப்பிட்டு அனுப்பினார்.

டாக்டரம்மா என்றால் அவர் டாக்டர் இல்லை, பல் டாக்டரின் மனைவி. டாக்டர் போய்ச் சேர்ந்த பிறகு கிளினிக்கை வாடகைக்கு விட்டிருந்தார். வாடகைக்கு வந்தவர்களுக்கு, கிளினிக்குக்குப் பின்னாலிருந்த கொட்டகையும் வேண்டுமாம்.

"உள்ள ஒரு பழைய காரு கிடக்குப்பா. அவருக்கு முட்டி வலி வந்து ஓட்டறதை விட்டதிலேர்ந்து அப்படியே நிக்குது. பழைய இரும்புக்குப் போடணும், யாராவது ஆள் சொல்லு."

தம்பி கொட்டகைக் கதவைத் தள்ளினான். பின்சீட்டில் பூனை ஒன்று குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தது. நீண்ட மூக்கு, சரிந்த முதுகு, இரண்டு பக்கமும் உருண்டு திரண்ட மட்கார்டு. அடித்தகடு பல இடத்தில் அரித்துப் போய்த் தரை தெரிந்தது. அவன் குனிந்து மட்கார்டில் உள்ளங்கையை வைத்தான். இந்த மாதிரித் தகட்டை இப்போதெல்லாம் யார் போடுகிறார்கள்? வைத்த கையை எடுக்க மனம் வரவில்லை.

"இதையா இரும்புக்குப் போடப் போறீங்க? பாவம்மா."

"அப்போ நீயே வெச்சுக்கோ."

சும்மா வேண்டாம் என்று கையில் இருந்ததைக் கொடுத்தான். அவர் எண்ணிக்கூடப் பார்க்காமல் சாவியைக் கொடுத்தார். காகிதம்? "எல்லாம் அவர்தான் பார்த்துக்கிட்டார். எங்க வெச்சாரோ, என்ன செஞ்சாரோ, என்கிட்ட சொன்னதில்ல" என்றார். தம்பிக்கு அப்போது அது பெரிதாகப் படவில்லை. காகிதத்திலா வண்டி ஓடுகிறது?

விடுமுறை நாளெல்லாம் அந்த வண்டியோடு போயிற்று. அடித்தகட்டை வெட்டிப் புதிதாக வைத்தான், கதவுகளைக் கழற்றிச் சீர் பண்ணினான், எஞ்சினைத் தெரிந்த மெக்கானிக்கிடம் கெஞ்சிக் கூத்தாடி ஓட வைத்தான். ஒரு இடத்தில்கூட பட்டி வைக்கவில்லை. பெயின்ட் அடித்து முடித்த அன்று மனைவி முன்சீட்டில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "நம்ம வண்டியாங்க இது?" என்றாள்.

"என் வண்டி" என்றான் தம்பி. சொன்னதும் அவனுக்கே வெட்கமாகப் போய்விட்டது.

ஆனால் வண்டி புக்கு இல்லாத வண்டி தெருவில் இறங்க முடியாது. அண்ணன் ஒரே வார்த்தையில் வழி சொன்னார்.

"பட்டறை பேர்ல போட்டுடலாம்டா. ஆர்.டி.ஓ. ஆபீசுல எனக்குத் தெரிஞ்ச ஆளுங்க இருக்காங்க. நீ அலையவே வேண்டாம்."

"வேண்டாம்ணே. என் பேர்லயே போட்டுக்கறேன்."

அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். "உன் பேர்லயா? ஆபீஸ் வாசப்படி எந்தப் பக்கம் இருக்குன்னு தெரியுமாடா உனக்கு?"

கேலிதான், குத்தல் இல்லை. ஆனாலும் அண்ணன் முகம் கொஞ்சம் சுருங்கியதைத் தம்பி பார்த்தான். பார்த்தும் விட்டுக்கொடுக்கவில்லை. இத்தனை வருஷத்தில் அண்ணன் சொன்னதை அவன் மறுத்தது அதுதான் முதல் தடவை.

அலைந்தான். வண்டியை இவருக்கு விற்றேன் என்று டாக்டரம்மாவிடம் வக்கீல் முன்னால் எழுதி வாங்கினான். இந்த வண்டி திருட்டுப் போனதாகப் புகார் எதுவும் இல்லை என்று காவல் நிலையத்தில் வாங்கினான்; அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்ததில் தன்னையே ஏதோ திருடினவனாக நினைத்து வேர்த்து வழிந்தான். இந்த வண்டியின் மேல் யாருக்காவது பாத்தியதை இருந்தால் வந்து சொல்லலாம் என்று பத்திரிகையில் விளம்பரம் கொடுக்கச் சொன்னார்கள், கொடுத்தான். கெடு முடிகிற வரைக்கும் பட்டறை வாசலில் புது முகம் யார் வந்து நின்றாலும் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தான். ஒருவரும் வரவில்லை.

பாக்கி இருந்தது ஒன்றே ஒன்று. பானெட்டுக்கு அடியில், வண்டியின் சேஸிஸ் சட்டத்தில் கம்பெனிக்காரன் அடித்திருக்கும் நம்பர்மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுத்துக் கொடுக்க வேண்டும். அதைப் பார்த்த பிறகு இன்ஸ்பெக்டர் வண்டியைச் சோதித்துச் சரி என்றால் முடிந்தது.

எடுத்துக்கொண்டு போய் நீட்டினான். கவுன்டர்க்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"என்னய்யா இது, பாதி நம்பர் இருக்கு, பாதி ஆவி மாதிரி அலையுது? நம்பர் தெளிவா இருக்கணும். போய்த் தெளிவாக்கிக் கொண்டா."

அவர் சொன்னது இன்னொரு தடவை அழுத்தித் தேய்த்து நல்ல பிரதியாகக் கொண்டு வா என்று. வேறு யாராக இருந்தாலும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் தம்பி டிங்கர். அவனிடம் ஒரு பொருள் தெளிவாக இல்லை என்று சொன்னால், அவன் பொருளைத்தான் சரி செய்வான். ஒடுங்கின கதவைப் படம் பிடித்துவிட்டு, படம் நன்றாக வரவில்லை என்று படத்தையா தட்டுவார்கள்? அந்தப் பென்சில் பிரதியைக் கசக்கி, அதிலேயே கை மசியைத் துடைத்து, வாசலில் இருந்த குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டுப் பட்டறைக்கு வந்தான்.

கம்பி பிரஷ்ஷால் நம்பர் இருந்த இடத்தைத் துலக்கினான். மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தான். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் தேய்ந்த எண்கள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. எல்லாம் இருந்தன, துரு தின்றதில் ஆழம்தான் போயிருந்தது. பட்டறையில் இரும்பில் எண் பதிக்கிற பன்ச் ஒரு பெட்டி இருந்தது. பழைய எண்ணின் வாய்க்குள்ளேயே பன்ச்சை உட்கார வைத்து, ஒவ்வொன்றுக்கும் நிதானமாக ஒரே அடி. இரண்டாவது அடி அடித்தால் கோடு இரட்டையாகும், அவனுக்குத் தெரியாதா? முடித்துவிட்டுச் சாக்குக்கட்டிப் பொடியைத் தடவினான். வரிசை பிசகாமல், சாயாமல், பளிச்சென்று நின்றது நம்பர்.

சாப்பாடு கொண்டு வந்த மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினான்.

"அச்சடிச்ச மாதிரி இருக்குங்க" என்றாள் அவள்.

அன்று அவன் இரண்டு பிடி அதிகமாகவே சாப்பிட்டான்.

புதுப் பிரதி எடுத்துக் கொடுத்துவிட்டு, சோதனைக்கு வண்டியை இழுவை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான். அலுவலகத்துக்குப் பின்னால் பெரிய மைதானம். ஒரு ஓரத்தில் பிடித்து வைத்த வண்டிகள் வெயிலிலும் மழையிலும் கிடந்து இற்றுக்கொண்டிருந்தன. இன்ஸ்பெக்டர் ஒரு பெண். அவனைவிட வயதில் சின்னவள், முகத்தில் சிடுசிடுப்பு இல்லை. வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

"அழகா வெச்சிருக்கீங்க. பழசுன்னு சொன்னா நம்ப முடியல."

தம்பிக்குத் தலைகால் புரியவில்லை. அவள் பானெட்டைத் திறக்கச் சொல்லி, டார்ச் அடித்துக் குனிந்து பார்த்தாள். ரொம்ப நேரம் குனிந்தே இருந்தாள். விரல் நுனியால் நம்பரைத் தடவினாள்.

"இது யாரு அடிச்சது?"

இந்தக் கேள்விக்காக அவன் எத்தனை வருஷம் காத்திருந்தான் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? யார் பார்த்த வேலை இது என்று யாராவது கேட்கும்போதெல்லாம் அண்ணன்தான் முன்னால் நின்றிருக்கிறார். இன்றைக்கு அண்ணன் இல்லை. தம்பி ஓரடி முன்னால் வந்தான்.

"நான்தான் மேடம்."

அவள் நிமிர்ந்தாள். முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. "நீங்களா?"

"ஆமா மேடம். பழசு தேஞ்சு போயிருந்துச்சு. அதே நம்பர்தான், ஒண்ணுகூட மாத்தல. அதே பள்ளத்துலதான் அடிச்சிருக்கேன், பாருங்க."

அவள் பானெட்டை மெதுவாக இறக்கி மூடினாள். கத்தியிருந்தால்கூடத் தேவலை. தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"சார், இந்த நம்பர் மேல கை வெக்கறது குற்றம். உங்களுக்குத் தெரியாதா?"

"தெளிவாக்கிக் கொண்டாங்கன்னு கவுன்டர்ல சொன்னாங்களே."

"காகிதத்தைச் சொல்லியிருப்பாங்க." அவள் நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். "திருட்டு வண்டிக்கு நம்பர் மாத்தறவனும் இதேதான் செய்வான். நீங்க அடிச்சதுக்கு அடியில என்ன நம்பர் இருந்துச்சுன்னு இப்ப யார் சொல்ல முடியும்?"

"நான் சொல்றேனே மேடம்."

அவள் அவன் கண்ணைப் பார்க்காமல் பைலைப் பார்த்தாள். "நீங்க இப்ப சொன்னதை நான் இன்னும் எழுதல. நம்பர் இப்படி இருக்கறதுக்கு யார் காரணம்னு எழுத்து மூலமா வாக்குமூலம் வேணும். பதட்டப்படாம வீட்டுக்குப் போய் யோசிங்க, பிறகு வந்து கொடுங்க. வண்டி அதுவரைக்கும் இங்கதான் நிக்கும்."

பிடித்து வைத்த வண்டிகளின் வரிசைக் கடைசியில் அதைத் தள்ளி நிறுத்தினார்கள். தம்பியும் ஒரு கை கொடுத்துத் தள்ளினான். மற்றவர்கள் கண்ட இடத்தில் கை வைத்துத் தள்ளுவார்களே, தகடு ஒடுங்கிவிடுமே என்ற பயம் அவனுக்கு.

அண்ணன் விஷயம் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"உன்னை யார்டா பன்ச்சைத் தொடச் சொன்னது? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா இந்தக் கூத்து நடந்திருக்குமா?"

அண்ணன் நான்கு நடை நடந்தார், இரண்டு போன் பேசினார். திரும்பி வந்தபோது குரல் தணிந்திருந்தது.

"வழி இருக்கு. வாங்கும்போதே நம்பர் இப்படி மேல அடிச்சதாத்தான் இருந்துச்சு, டாக்டர் காலத்துலயே இப்படின்னு டாக்டரம்மா எழுதிக் கொடுக்கட்டும். நீ விஷயம் தெரியாம வாங்கினவன் ஆயிடுவே. தெரியாம வாங்கினவனுக்கு ஆபீசே புது நம்பர் போட்டு, புக்கும் கொடுத்துடும். உன் பேர்லயே. நான்தான் அடிச்சேன்னு மட்டும் எழுதிக் கொடுத்தே, உன் மேல கேஸு. வண்டி ஜென்மத்துக்கும் உன் பேர்ல வராது."

"அப்போ டாக்டர்?"

"செத்தவர் மேல யாருடா கேஸ் போடப் போறாங்க?"

சொல்லிவிட்டு அண்ணனே உட்கார்ந்து எழுதினார். அவர் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். கடைசியில் டாக்டரம்மா கையெழுத்துப் போட இடம் விட்டு, கோடு கிழித்துக் கொடுத்தார்.

வீட்டில் மனைவி அதைப் படித்தாள். மடித்து அவன் பக்கம் தள்ளினாள்.

"எனக்கும்தாங்க அந்த வண்டியில ஏறிப் போகணும்னு கொள்ளை ஆசை. ஆனா அந்தம்மா நமக்கு என்ன கெடுதல் செஞ்சாங்க?"

"கேஸெல்லாம் வராதாம். அண்ணன் விசாரிச்சுட்டார்."

"அப்போ என்கிட்ட எதுக்குக் காட்டறீங்க?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள். ஆனாலும் மறுநாள் சட்டையை மாற்றிக்கொண்டு டாக்டரம்மா வீட்டுக்குப் போனான். ஆசை யாரை விட்டது? வெயிலில் கிடக்கும் வண்டியின் பெயின்ட் வெளுத்துப் போகுமே என்ற நினைப்புதான் வழி முழுக்க.

டாக்டரம்மா கூடத்தில் இருந்தார். சுவரில் டாக்டரின் படம். அதன் மேல் ஒரு சின்ன பல்பு. அது பகலிலும் எரிந்துகொண்டே இருக்கும், இவன் எப்போது போனாலும் பார்த்திருக்கிறான். காகிதத்தை நீட்டி, "ஆபீசுல கேக்கறாங்கம்மா, சும்மா ஒரு சம்பிரதாயத்துக்கு" என்று மென்று விழுங்கினான். படிக்காமலே போட்டுவிடுவார் என்று நினைத்திருந்தான். அவர் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு ஒரு வரி விடாமல் படித்தார். திட்டுவார், தூக்கி எறிவார் என்று தம்பி காத்திருந்தான். அப்படி எறிந்திருந்தால் நிம்மதியாக எழுந்து வந்திருப்பான்.

"எங்க போடணும்?" என்று கேட்டார். போட்டார். பேனாவை மூடினார்.

"இப்பதான் புரியுது."

"என்னம்மா?"

"காகிதம் ஏன் இல்லன்னு." அவர் குரலில் கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. "ஒரு நாள் சாயங்காலம் திடீர்னு அந்த வண்டியோட வந்து நின்னார். யார்கிட்ட வாங்கினீங்கன்னு கேட்டேன். உனக்கு எதுக்கு அதெல்லாம்னார். எதைக் கேட்டாலும் அவருக்கு அந்தப் பதில்தான். சரி, சுபாவம் அப்படின்னு இருந்துட்டேன். திருட்டு வண்டின்னா எப்படிச் சொல்லுவார்?"

"அப்படி இல்லம்மா…"

"முட்டி வலின்னு சொல்லிக் கொட்டகையில பூட்டினாரே. அதுகூடப் பொய்யா இருக்கும். யாராவது அடையாளம் கண்டுடுவாங்கன்னு பயந்திருப்பார். நான் பைத்தியம் மாதிரி தினம் தைலம் தேச்சு விட்டேன்."

அவன் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டான். "அம்மா, சத்தியமா அந்த நம்பரை அடிச்சது நான். டாக்டர் இல்ல. போன மாசம்தான் நான் அடிச்சேன். வண்டி என் பேர்ல வரணும்னு ஆசைப்பட்டு இப்படி எழுதிக்கிட்டு வந்துட்டேன். டாக்டர் தங்கமான மனுஷன்மா."

டாக்டரம்மா அவனை நிமிர்ந்து பார்த்தார். சிரிக்கக்கூட முயன்றார்.

"என் முகத்தைப் பார்த்துட்டு மாத்திச் சொல்றே. நீ நல்லவன்ப்பா, அதான். கூட வாழ்ந்தவளுக்குத் தெரியாததா உனக்குத் தெரியப் போகுது?"

அவன் திரும்பத் திரும்பச் சொன்னான். கெஞ்சினான், சத்தியம் பண்ணினான். அவன் சொல்லச் சொல்ல அவர் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து போய், படத்துக்கு மேல் இருந்த பல்பின் சுவிட்சை அணைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

தம்பி தெருவில் நின்றான். சட்டைப்பையில் அந்தக் காகிதம் இருந்தது. அதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் வண்டி அவனுடையது, அவன் பெயரில். வாழ்நாள் முழுக்க எத்தனையோ ஒடுக்கு எடுத்திருக்கிறான்; ஒடுக்கு விழவைத்தது இதுதான் முதல் தடவை. அதுவும் செத்துப்போன மனுஷன் மேல். உள்ளங்கை வேர்த்தது. வாயால் சொன்னது எதுவும் அந்தம்மா காதில் ஏறவில்லை. கையால் எழுதின காகிதம் ஒன்று அவர் புருஷனைத் திருடன் ஆக்கிவிட்டது. அதற்குப் பதில் சொல்ல முத்திரை போட்ட இன்னொரு காகிதம்தான் வேண்டும். அவன் பையிலிருந்ததை எடுத்துச் சுக்கல் சுக்கலாகக் கிழித்தான்.

அலுவலகத்துக்குள் போவதற்கு முன் மைதானத்துப் பக்கம் போய்ப் பார்த்தான். வண்டிமேல் தூசி படிந்திருந்தது. மட்கார்டில் ஒரு காக்கை எச்சம். அது பெயின்ட்டைத் தின்றுவிடும். சட்டை நுனியால் துடைக்கத் தொடங்கினான். "யோவ், கேஸ் வண்டியைத் தொடாதே" என்று காவலாளி சத்தம் போட்டார். கையை எடுத்துக்கொண்டான்.

இன்ஸ்பெக்டர் அறையில் மேசை ஓரத்தில் உட்கார்ந்து எழுதினான். எழுதி வெகுகாலம் ஆகியிருந்ததால் எழுத்து ஒன்றன்மேல் ஒன்று ஏறியது. வண்டியை எப்போது எடுத்தான், நம்பர் எப்படித் தேய்ந்திருந்தது, எந்தப் பன்ச், எத்தனை அடி, எல்லாவற்றையும் எழுதினான். டாக்டருக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று எழுதி, அந்த வரியை மட்டும் அடிக்கோடிட்டான். கடைசியில் தன் பெயரை முழுசாக, அப்பா பெயரோடு எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

அவள் படித்து முடித்தாள். "யோசிச்சுதான் எழுதினீங்களா?"

"ஆமா மேடம்."

"உங்க விண்ணப்பம் தள்ளுபடி ஆயிடும். வழக்கு நடக்கும். முடிஞ்ச பிறகும் வண்டி முந்தின உரிமையாளர் பக்கம்தான் போகும், உங்க பேர்ல வராது. இனிமே விண்ணப்பிக்கவும் முடியாது."

"தெரியும் மேடம்." கொஞ்சம் தயங்கினான். "எனக்கு இதுல ஒரு நகல் வேணும். முத்திரை போட்டு."

அவள் புருவம் உயர்ந்தது. "தன் மேல வர்ற கேஸுக்கு நகல் கேட்டு யாரும் வந்ததில்ல."

"ஒருத்தங்ககிட்ட காட்டணும் மேடம்."

அவள் எழுந்து போய்த் தானே முத்திரை வைத்துக் கொண்டு வந்து கொடுத்தாள்.

வெளியே அண்ணன் நின்றுகொண்டிருந்தார். யாரோ போன் பண்ணிச் சொல்லியிருப்பார்கள். ஓடி வந்தவர் மாதிரி மூச்சு வாங்கியது. நகலைப் பிடுங்கிப் படித்தார். படிக்கப் படிக்க முகம் தொங்கிப் போயிற்று. திட்டு விழும் என்று தம்பி தோளைக் குறுக்கிக்கொண்டான்.

"பட்டறையில நடந்த வேலைதானேடா. என் பேரைப் போட்டிருக்கக் கூடாதா? கோர்ட்டு கேஸுன்னு நான் பார்த்துக்கிட்டிருப்பேனே. உனக்கு இதெல்லாம் தாங்குமா?"

அண்ணனின் கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்ததும் தம்பிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டான்.

"இது என் வேலைண்ணே" என்றான்.

அண்ணன் காகிதத்தைப் பத்திரமாக மடித்து, அவன் சட்டைப்பையில் தானே வைத்துவிட்டார்.

டாக்டரம்மா கதவைத் திறந்து, மறுபடியும் இவனா என்கிற மாதிரி பார்த்தார். கூடம் இருட்டாக இருந்தது. தம்பி நகலை இரண்டு கையாலும் நீட்டினான். பேசிப் பயனில்லை என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார். முத்திரையை விரலால் தடவிப் பார்த்தார். அடிக்கோடிட்ட வரியில் வெகுநேரம் நின்றார்.

"கேஸ் போட்டுட்டாங்களா உன் மேல?"

"ஆமாம்மா."

"வண்டி?"

"வராதும்மா."

அவர் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார். "அப்போ நிஜமாவே அவர் இல்ல."

"இல்லம்மா. நான்தான்."

டாக்டரம்மா சுவர்ப் பக்கம் போய் சுவிட்சைப் போட்டார். பிறகு திரும்பி வந்து காகிதத்தின் அடியில் மறுபடி பார்த்தார்.

"இதுதான் உன் பேரா? இத்தனை வருஷமா எனக்குத் தெரியாதே."

"யாரும் கேட்டதில்லம்மா" என்றான் தம்பி.

அவர் அந்தப் பெயரை ஒரு தடவை தனக்குள் சொல்லிப் பார்த்தார். அப்புறம் அதைச் சொல்லியே அவனைக் கூப்பிட்டு, உட்காரு, டீ போடறேன் என்றார். யாரையோ கூப்பிடுகிறார் என்று நினைத்து அவன் ஒரு கணம் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தான்.